வரிசையில் கடைசியாக நின்றவள்

அன்பு மகள் பட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் இங்கே சுகம், நீ சுகமா என்று எப்போதும்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு நாளும் நாங்கள் இங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாகத்தானே இருந்தோம். தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா, படி ஏறினால் இழுக்கிறதா, காய்ச்சல் ஏதும் வந்ததா என்று ஒன்று விடாமல் எழுது. பித்தப்பையில் கல் என்று அறுத்து எடுத்து, வீடு திரும்பி இரண்டு நாள் கழித்துத்தான் போன் செய்தாய், அதிலும் "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் முடிஞ்சிடுச்சு, நீங்க புது வகுப்பு ஆரம்பிக்கிற நேரம், எதுக்குத் தொந்தரவுன்னுதான் சொல்லல" என்றாய். உறவினர் கையெழுத்துப் போடும் இடத்தில் உன்னோடு வேலை பார்க்கும் பெண் போட்டாளாம். அவளுக்கு நான் கோடி நன்றி சொன்னதாகச் சொல். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, பெற்றவளிடம் மறைக்கிற அளவுக்கு இவளுக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று பாத்திரங்களை உருட்டினேன். அந்தக் கோபம் இப்போது என் பக்கமே திரும்பிவிட்டது. போனில் சொன்னால் நீ "விடுங்கம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. நீ அனுப்பிய காலணியைப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டு உலகத்தையே சுற்றி வந்தவர்போல மூச்சு வாங்குகிறார். பள்ளிதான் இப்போது அடையாளமே தெரியாமல் மாறியிருக்கிறது. நாற்பத்தொரு குழந்தைகள், ஐந்து மொழி பேசுகிற வீடுகளிலிருந்து வருகிறார்கள். ஒருத்திக்குக் காதில் கருவி, ஒருவனுக்குச் சக்கர நாற்காலி, இன்னொருவனுக்கு ஒரு நிமிடம் உட்கார முடியாது. எல்லாருக்கும் ஒரே பாட்டு, ஒரே பலகை என்று முப்பது வருடம் நான் ஓட்டிய வண்டி இனி ஓடாது என்று ஆகிவிட்டது. இவர்களுக்கு ஏற்றபடி புது வகுப்பு ஒன்று அமைக்கிறோம், அதற்காக அலமாரிகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு அறுத்தோம், வாசல் படியைச் சரிவாக்கினோம், சத்தம் பொறுக்காத பிள்ளைக்கு மூலையில் ஒரு மெத்தை போட்டோம், பேச வராத பிள்ளை எடுத்துக் காட்டுவதற்குத் தண்ணீர், வலி, என் முறை என்று படம் வரைந்த அட்டைகள் செய்தோம். ஒவ்வொரு வீட்டு மொழியிலும் நான் பத்துச் சொல் கற்றுக்கொண்டேன், என் உச்சரிப்பைக் கேட்டு மூன்று வயது வாண்டுகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. இத்தனைக்கும் மூளை புதிதாக வந்திருக்கிற டீச்சர்தான். உன்னைவிட நாலு வயது சின்னவள், வாய் மட்டும் நாற்பது வயது பெரியது.

நான் எறும்பு என்று கூப்பிடுகிற ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்பாள், முறை வந்ததும் பின்னால் நிற்பவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி கடைசிக்குப் போவாள். ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு, பாருங்கள், இவள்தான் நல்ல பிள்ளை என்று கைதட்ட வைத்தேன். பிள்ளைகள் போன பிறகு புது டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, "அதுக்குக் கைதட்டாதீங்க டீச்சர். கேட்டாலும் கிடைக்காதுன்னு அவ முடிவு பண்ணிட்டா. கத்தறவன் பின்னாடியே நாம ஓடறோம், இவ பேர்ல நோட்டுல மூணு வாரமா ஒரு வரி கூட இல்ல" என்றாள். தினமும் ஒவ்வொரு பிள்ளையையும் கவனித்து எழுதுகிற நோட்டு அது. நேற்று வந்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்று வெடுக்கென்று நோட்டைப் பிரித்தேன், மூன்று வாரமும் வெள்ளையாக இருந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், அழாத பிள்ளை என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மறுநாளிலிருந்து புது டீச்சர் எறும்பின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஆறாம் நாள் எவனோ இறங்கச் சொன்னதற்கு எறும்பு ஊஞ்சல் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளி அதிர அலறியது. புது டீச்சருக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது.

மூன்று வருடம் நீ என் வகுப்பில் இருந்தாய். டீச்சர் தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது என்கிற பயத்தில் எல்லாவற்றிலும் உன்னைக் கடைசியில் நிறுத்தினேன். மிஞ்சிய வண்ணம், முடி உதிர்ந்த தூரிகை, கால் உடைந்த பொம்மை எல்லாம் உனக்கு. கேட்டைத் தாண்டினால் அம்மா கிடையாது, டீச்சர் என்று வேறு சொல்லிவைத்தேன். ஒரே நாளில் பழகிக்கொண்டாய், அதில் எனக்கு அவ்வளவு பெருமை. நான்கு வயதில் சறுக்குமரத்திலிருந்து விழுந்து முகவாய் கிழிந்ததே, அன்று நான் புதிதாகச் சேர்ந்து அழுதுகொண்டிருந்த ஒரு பையனை இடுப்பில் வைத்திருந்தேன். நீ எதிரே வந்து நின்று, "டீச்சர், ரத்தம் வருது டீச்சர்" என்றாய். இரு, இவன் அழுகையை நிறுத்தட்டும் என்றேன். நீ அழாமல், சட்டையெல்லாம் ரத்தம் சொட்டச் சொட்ட நின்றாய். ஆயாதான் ஓடிவந்து தூக்கினாள். என் பெண் எவ்வளவு கட்டுப்பாடு பாருங்கள் என்று இதை இருபது வருடமாகச் சிரிப்புக் கதையாக வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன், நீயும் கூடவே சிரிப்பாய். நாற்பத்தொரு பிள்ளைகளையும் அவரவர் தேவை பார்த்து வளர்க்கப் புறப்பட்டவள், பெற்ற ஒன்றின் தேவையைப் பார்க்கவில்லை. அன்று நின்ற மாதிரிதான் ஆஸ்பத்திரியிலும் நின்றிருக்கிறாய். தப்பு என்மேல்தான், பட்டு. மன்னித்துவிடு என்று அவசரமாகக் கேட்க மாட்டேன், நீ உடனே மன்னித்துவிடுவாய், அதுவும் நான் பழக்கிய பழக்கம்தான்.

புது வகுப்பு வருகிற திங்கட்கிழமை திறக்கிறது. சாவியைப் புது டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். "நீங்க இல்லாம எப்படித் திறக்கறது" என்று பதறினாள். பிள்ளைங்க எல்லாருக்கும் நீ இருக்கே, என் பொண்ணு அங்க தனியா இருக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். டிக்கெட் எடுத்தாயிற்று, அதே திங்கட்கிழமை காலை ரயில், இந்தக் கடிதம் கிடைத்த நாலைந்து நாளில் நானும் வந்துவிடுவேன், புதன்கிழமை காலை. வரட்டுமா என்று உன்னைக் கேட்கவில்லை. ஒரு மாதம் இருப்பேன். இருக்கிற கோபத்தை எல்லாம் என்மேல் காட்டு, அப்பாவிடம் முப்பத்தைந்து வருடம் வாங்கிக் கட்டிக்கொண்டவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

கனமான எதையும் தூக்காதே, எண்ணெய்ப் பலகாரம் பக்கம் போகாதே, மாத்திரையை நேரத்துக்குப் போடு. என்னை அழைக்க வண்டி வைத்துக்கொண்டு வராதே, முகவரி கையில் இருக்கிறது. நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதோடு வருகிறது. நான் வருவதற்குள் வலி ஏதாவது வந்தால், அம்மா வகுப்பில் இருப்பாளே என்று மணி பார்க்காதே. போனை எடுத்து, அம்மா என்று கத்து.

உன்,
அம்மா