அட்டையில் நீ எழுதாத வசனம்

மாப்ள,

நேற்று வேதாகமத்தைத் திறந்தபோது உன் அட்டை கீழே விழுந்தது. பூட்டு அடுக்கும் அட்டைப் பெட்டியைக் கிழித்து, பின்பக்கம் நீ வசனம் எழுதிக் கொடுத்தாயே, அது. எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. மோந்து பார்த்ததும் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்துப்போனவன்மேல் கோபப்படலாமா என்று கேட்காதே. படுவேன்.

திண்டுக்கல்லில் ஒரே பூட்டுப் பட்டறையில் அரத்தால் சாவி ராவினோம். ஒரே பிராந்திக் கடையில் குடித்தோம். தொண்ணூற்றேழில் ஒரே நாளில் சபையில் முழங்கால் போட்டு ஜெபித்துக் குடியை விட்டோம். பிசாசு சோதித்தபோது இயேசு சொன்ன பதில்களைத்தான் இந்த அட்டையில் எழுதினாய். சாயங்காலமானால் எனக்குக் கை நடுங்கும். நீ அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏலே, வசனத்தச் சொல்லு. செத்த நேரந்தான், போயிரும்" என்பாய். மனுஷன் அப்பத்தால் மட்டும் பிழைப்பதில்லை என்று சொல்லச் சொல்ல நடுக்கம் அடங்கும். பொய்யில்லை, என்னை மனுஷனாக்கியது அதுதான்.

பிறகு நீ சபையில் சாட்சி சொல்ல ஆரம்பித்தாய். அந்த வாரம் கர்த்தர் எப்படிக் காப்பாற்றினார் என்று எழுந்து நின்று சொன்னாய், சபையே கைதட்டியது. அங்கேதான் கெட்டது. வாராவாரம் புதுச் சாட்சி வேண்டுமே! கடை கண்ணில் படாமல் ரயில்வே கேட் வழியாக வீட்டுக்குப் போனவன், பிராந்திக் கடை வழியாகப் போனாய். அப்புறம் அதன் வாசலில் நின்றாய். அப்புறம் உள்ளேயே போய், பழைய கூட்டாளிகள் குடிக்க, நடுவில் கலர் சோடா பாட்டிலோடு உட்கார்ந்தாய்.

"எதுக்கு மாப்ள இந்த வேல?" என்றேன்.

"வசனம் உள்ள இருக்குல்ல? ஒண்ணும் அண்டாது. ஞாயித்துக்கெழம பாரு, என்ன சாட்சி சொல்றேன்னு."

சொன்னாய். அல்லேலூயா என்று முதலில் கத்தியது நான்தான். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒருநாள் கலரை வைத்துவிட்டு மற்றதைக் குடித்தாய். அதற்கு நான் கோபப்படவில்லை. விழாதவன் யார்? அதன்பிறகு என் முகத்தில் முழிக்காமல் ஓடினாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் வீட்டுக்கு வந்தால், "அவுக இல்லண்ணே" என்று உன் மனைவியைச் சொல்லவைத்தாய். வாசலில் உன் செருப்பு கிடந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில், மஞ்சள் பூத்த கண்ணோடு சொன்னாய்: "அம்புட்டு சாட்சி சொல்லிப்புட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?" சாட்சியாம் சாட்சி! குடித்த வாயோடு நீ வந்திருந்தால் நான் வேண்டாமென்றா சொல்லியிருப்பேன்?

அடக்கத்தில் ஒருவர், "வசனம் அவரக் காப்பாத்தலயே" என்றார். சட்டையைப் பிடித்துவிட்டேன்.

நேற்றுதான் அட்டையை ஒழுங்காகப் படித்தேன். இயேசு சொன்ன பதில் மூன்று. நீ எழுதியது இரண்டு. இயேசுவை ஆலயத்து உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசே வசனம் காட்டுகிறான். கர்த்தரைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று அவர் சொன்ன பதிலை விட்டுவிட்டாய். இடமில்லாமல் இல்லை, பாதி அட்டை காலியாகக் கிடக்கிறது. இத்தனை வருஷம் வைத்திருந்த நானும் எண்ணிப் பார்க்கவில்லை. என் பேனாவால் அதை எழுதிச் சேர்த்தேன்.

இப்போதும் சில சாயங்காலம் கை நடுங்குகிறது. கடைப் பக்கம் போகாமல், மார்க்கெட்டைச் சுற்றி அரைமணி கூடுதலாக நடக்கிறேன். இன்று சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். "இந்த வாரமும் சுத்தித்தான் வீட்டுக்குப் போனேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. நீ இருந்திருந்தால் நீயும் தட்டியிருக்க மாட்டாய், பாவி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய்.