ஊமைநாளில் வைத்த பெயர்

அன்பு மகள் ஈல்மாவுக்கு,

சாரூன் தீவிலிருந்து அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கூரையை நானே மாற்றிவிட்டேன். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

பேத்திக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, நேரில் வரும்போது சொல்கிறோம் என்று எழுதியிருந்தாய். இங்கே பேரப்பிள்ளைக்குப் பெயர் வைப்பது தாத்தா. அது உனக்குத் தெரியாததல்ல. உன் அம்மாவின் பெயரை மனதில் வைத்திருந்தேன். போகட்டும். அந்தக் கோபத்தில்தான் இரண்டு நாளாகப் பதில் போடவில்லை. அது இன்னும் ஆறவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக அல்ல.

விருந்துநாளில் பெயர் வைத்ததாக எழுதியிருக்கிறாய். யாருடைய விருந்துநாள்? அலை, வலை, அடுப்பு, விதை, விருந்து, ஊமை என்று ஆறு நாட்களை விரல் மடக்கித்தானே வளர்ந்தாய்? நீங்கள் இருக்கும் தலைநகரத்தில் ஆறாவதை வெட்டியெறிந்தபோது, அந்த வேலையில் உன் கணவனும் இருந்தான். "ஒரு நாள் பூரா ஒருத்தர் பேரை ஒருத்தர் சொல்லாம உக்காந்திருந்தா வேல எப்படி மாமா நடக்கும்? பனிக்குக் காது இருக்குன்னு நீங்க இன்னுமா நம்புறீங்க?" என்று என் வீட்டில் உட்கார்ந்து, என் மீனைத் தின்றுகொண்டே சிரித்தான். நான் பள்ளிக்கூடம் போகாதவன். பாய்மரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து எழுத்துப் பழகியவன். அவனிடம் வாதாட எனக்கு வரவில்லை. ஆனால் அரண்மனை வெட்டினாலும் நாள் வராமல் நிற்கவில்லை. நீங்கள் ஐந்தோடு எண்ணி முடிப்பதால், இந்த முறை உங்கள் விருந்துநாள் எங்கள் ஊமைநாளின் மேல் விழுந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு ஓஸ்வாவின் கதையை இதுவரை உனக்கு எழுதவில்லை. படைக்கு ஆள் எடுக்க வந்த அதிகாரி ஊமைநாள் என்று தெரியாமல் கரையில் நின்று கூப்பாடு போட்டான். யாரும் கதவைத் திறக்கவில்லை. ஓஸ்வா மட்டும் வேடிக்கை பார்க்கப் புறப்பட்டான். பதறிப்போன அவன் மனைவி நெஹ்ரி, "ஓஸ்வா, போகாதே!" என்று கத்திவிட்டாள். வாய் தவறி வந்த பெயர்தான்.

அடுத்த ஊமைநாளில், கடலிலிருந்து ஏறிவந்த பனி நெஹ்ரியின் குரலில் அவனைக் கூப்பிட்டது. எல்லோரும் கேட்டோம். பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னோம். பழைய பெயருக்கு ஆளில்லாவிட்டால் அது தேடாது. "எங்கப்பன் வெச்ச பேர மாத்தச் சொல்ல அந்தப் பனி யாருய்யா? என் மாமியாரா?" என்று கேட்டு எங்களையும் சிரிக்க வைத்தான்.

அதற்கடுத்த ஊமைநாளில் நெஹ்ரி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே அவள் குரல் கேட்டது. அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். "நான் இங்கதானே நிக்கிறேன், எங்க போற?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். "விடு, அவ கூப்பிடுறா" என்று உதறிவிட்டுப் போனவன்தான். ஈரமணலில் கால்தடம் தண்ணீர்வரை போயிருந்தது.

ஈல்மா, நேற்று ஊமைநாள். நான் வலை பின்னிக்கொண்டிருந்தேன். கரைப்பக்கம் உன் குரல் கேட்டது. சொல்லாமல் வந்துவிட்டாயோ என்று மகிழ்ச்சியில் பாதி எழுந்துவிட்டேன். நீ என்னைக் கூப்பிடவில்லை. ஒரு பெண்குழந்தையின் பெயரைச் சொல்லி, தாலாட்டுவதுபோல, திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். இந்தத் தீவில் அந்தப் பெயர் யாருக்கும் கிடையாது. அதை இங்கே எழுத என் கை வரவில்லை.

பேத்திக்கு வைத்த பெயரை உடனே விட்டுவிடு. அது இதுதானா என்று எனக்கு எழுதிக் கேட்காதே, நேரமில்லை. அடுத்த ஊமைநாளுக்குள் வேறு பெயர் வை. உன் அம்மாவின் பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம். உன் மாமியாரின் பெயரையே வை. உன் கணவன் எதைச் சொன்னாலும் வை. எனக்குச் சம்மதம். சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

குழந்தை இன்னும் நடக்கவில்லை என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல். ஆனால் நீ நடப்பாய். அந்த நாளில் வெளியே உன் குரலையே நீ கேட்டால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவருகே போகாதே. உன் கணவனை உன்னைப் பிடித்துக்கொள்ளச் சொல். அவன் சிரித்தாலும் பரவாயில்லை, பிடியை மட்டும் விடவேண்டாம்.

எந்தப் பெயரிலாவது என் பேத்தி நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும்.

அப்பா,
பர்கோ