பேச்சின் கடைசித் தாள்

செய்தி வாசிக்கும் மகாராணிக்கு,

தொடர்பியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று நம் கல்லூரிப் பிள்ளைகளிடம் பேச உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சந்தோஷம். பேச்சை எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தாய். "நீ எழுதிக் கொடுத்தாதான்டி எனக்குப் பேச்சே வருது" என்றாய். அதுவும் சந்தோஷம்தான்.

நம் வகுப்பில் முதல் மதிப்பெண் யாருக்கு என்று அந்தப் பேச்சில் எங்கும் எழுதவில்லை. எனக்கென்ன பொறாமையா? உன் முகம் திரைக்கு, என் விரல் தட்டச்சுக்கு என்று தொலைக்காட்சி நிலைய மேலாளரே பிரித்துவிட்டார். ஆறு வருடமாக நீ வாசிப்பதெல்லாம் நான் எழுதியது. போன மாதம் "இங்கே மூச்சு விடவும்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தேன். நேரலையில் அதையும் கணீரென்று வாசித்தாய். பார்த்தவர்கள் சிரித்தார்கள். திட்டு வாங்கியது நான்.

இன்றுவரை நீ எதையும் முன்கூட்டிப் படித்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பேச்சின் கடைசித் தாளாகச் சேர்த்துப் பின் குத்தியிருக்கிறேன்.

வீட்டிலேயே படித்துவிட்டாய் என்றால் கிழித்துப் போடு, என்னை மன்னித்துவிடு. மேடையில் மைக் முன்னால் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், இங்கே மூச்சு விடு. கடைசி வரிசையில் எழுந்து நிற்கிறேன், பார்.

இப்படிக்கு,
இதுவரை நீ பேசிய அத்தனைக்கும் சொந்தக்காரி