பஸ் வைஃபையும் காணாமல் போன சிம்மும்

செவ்வாய், இரவு

அந்தக் கண்டக்டரின் சிரிப்பு இன்னும் எரிச்சலூட்டுகிறது.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் மூன்று மணி பஸ். என் வேலை இடமாற்ற விண்ணப்பத்தை நான்கு மணிக்குள் ஆன்லைனில் அனுப்பியாக வேண்டும். போனில் டேட்டா தீர்ந்துவிட்டது. பஸ் வைஃபை சிக்னலை முழுதாகக் காட்டியது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. போனை அணைத்துத் திரும்பப் போட்டேன். பாஸ்வேர்டை மறுபடி அடித்தேன்.

"மிஸ், உங்க போன் பழசு" என்று சிரித்தான் கண்டக்டர்.

பக்கத்து சீட்டுப் பெண்ணின் புதுப் போனிலும் அதே கதைதான். எழுந்து முன்னால் போனேன். புத்தர் படத்துக்கும் பிள்ளையார் படத்துக்கும் கீழே வைஃபை பெட்டி மூடி திறந்து கிடந்தது. உள்ளே சிம் இல்லை. அது அவன் போனில் இருந்தது. கிரிக்கெட் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"மேட்ச் முடிஞ்சதும் போட்டுடுறேங்க."

"இப்பவே போடுங்க. போடுற வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்."

நாவுலை தாண்டும்போது போட்டான். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இறங்கும்போது, "மிஸ்ஸுக்கு வாய் கூட" என்று முணுமுணுத்தான். ஆமாம், கூடத்தான்.

மாத்தளைக்கே மாற்றம் கிடைத்துவிட்டால் அந்த பஸ்ஸே எனக்கு வேண்டாம். கிடைக்கும்வரை தினமும் முன் சீட்டில்தான் உட்காருவேன், அந்தப் பெட்டிக்கு நேரே.