ஈதரில் பொங்கிய மெக்னீசியம்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் வளர்மதி எழுதுவது. நீங்களும் அத்தையும் என் பிள்ளை பாரியும் சுகம்தானே? சூளைப் பக்கம் நிற்கும்போது தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். ஸ்வீடனில் குளிர் ஏறிவிட்டது, நான் நன்றாக இருக்கிறேன். லேபில் நடந்ததைப் போனில் சொன்னால், "கையக் காட்டு, மூஞ்சியக் காட்டு" என்று பதறுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் செய்யப் பார்த்த மெக்னீசியச் சேர்மம் துளி ஈரம் பட்டாலும் கெட்டுவிடும். பலமுறை கெட்டது. இந்த முறையும் வராவிட்டால் பொங்கலுக்கு லீவு கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். குடுவையை ஓவனில் காயவைத்து, மெக்னீசியச் சீவலின் மேல் ஈதர் என்ற கரைப்பானும் புரோமைடும் ஊற்றி, கொஞ்சம் அயோடின் போட்டேன். வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. திடீரென்று பழுப்பு நிறம் மறைந்து, நெருப்பில்லாமலே கொதிக்க ஆரம்பித்தது.

"ஐயையோ, பொங்கிக்கிட்டு வருது, ஐஸு கொண்டாங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பக்கத்து மேசை எல்சாவுக்கு என்ன புரிந்ததோ, ஐஸ் வாளியோடு ஓடிவந்தாள். கொதிப்பு அடங்கியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதில் விளைந்த படிகத்தை எக்ஸ்ரேயில் பார்த்தோம். நடுவில் மெக்னீசியம், அதோடு ஒரு கார்பனும் ஒரு புரோமினும். இரண்டு ஈதர் மூலக்கூறுகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "டிக்கெட் போடு" என்றார்.

ஜங்ஷனுக்குப் பாரியையும் அழைத்து வாருங்கள். தூங்கினால் தூக்கி வாருங்கள். அதுவரை, அவன் சாப்பிடும்போது எனக்குப் போன் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். அவன் என்னிடம் பேச வேண்டாம், சாப்பிடட்டும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எல்சா கூப்பிடுகிறாள், ஓடுகிறேன்.

வளர்மதி