நான் கொட்டிக் கழுவிய குழாய்

இன்று காலை ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தம் உறைந்து பிரிந்ததும், மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கவேண்டிய நீர் பால் போல் வெளுத்து நின்றது. தேசூரிலிருந்து வந்த யாரோ ஒருவருடைய ரத்தம். கை அதுபாட்டுக்கு ரிப்போர்ட் எழுதியது. மனம் உன்னிடம் வந்துவிட்டது.

உனக்கு ரத்தம் எடுத்தது பத்து வருடத்துக்கு முந்தைய ஆடிக் கிருத்திகை அன்று. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிவிட்டு மேலும் கீழும் நடந்தால் மார்பை இறுக்குகிறது என்று டாக்டரிடம் போயிருந்தாய். கொழுப்பு பார்க்கச் சொல்லி என் லேபுக்குச் சீட்டு எழுதினார். உன் உடம்பில் கொழுப்பா என்று சிரித்தேன். ஆணியில் மாட்டியதுபோல்தான் சட்டை உன்மேல் தொங்கும்.

குழாயைப் பார்த்தால் பால். சாப்பிட்டுவிட்டு வந்தால் அப்படி நிற்கும் என்று படித்திருந்தேன். நம் ஊர் விரதம் எனக்குத் தெரியாதா? பாலும் பழமும் சாப்பாட்டில் சேர்த்தியே இல்லை.

“பாலக் குடிச்சிட்டு வெறும் வயிறுன்றியா?” என்றேன்.

“ராத்திரியிலருந்து தண்ணி மட்டும்தான்டா,” என்றாய்.

நம்பவில்லை. முருகனை ஏமாற்றலாம், குழாயை ஏமாற்ற முடியாது என்று கேலி வேறு. சோதிக்காமலே குழாயைக் கொட்டிக் கழுவிவிட்டு, அடுத்த வாரம் ஒழுங்காக வா என்றேன். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனாய். நான்காம் நாள் பாவுக்குப் பக்கத்திலேயே விழுந்தாய்; எழவில்லை.

பிறகுதான் டாக்டர் விளக்கினார். சிலருக்குப் பரம்பரையாகவே ரத்தத்தில் கொழுப்பு அதிகமாம். பட்டினி கிடந்தாலும் வெளுத்துத்தான் நிற்குமாம். ஒல்லி, குண்டு என்று பார்க்காதாம். இதயத்துக்குப் போகும் குழாய்களின் உட்சுவரில் அது வருடக்கணக்காகப் படிந்து, வழி குறுகி, ஒருநாள் அங்கே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். கேட்டுவிட்டு வந்து வழக்கம்போல் லேபைத் திறந்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

காரியம் முடிந்தபின் உன் மனைவி வந்தாள்.

“ரத்தம் குடுத்தாரே அண்ணா, இன்னா வந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சும்மா,” என்றேன்.

உன் மகன் இப்போது உன் வேலையையே செய்கிறான். உன் உடம்புதான் அவனுக்கும். இன்று மத்தியானம் லேபைப் பூட்டிவிட்டு, அவன் பாவு நீட்டியிருந்த தெருவுக்குப் போனேன். நாளைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னேன். இழையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான்:

“அப்பாவுக்கே ரத்தம் நல்லாருந்துச்சுன்னு நீங்கதான மாமா சொன்னீங்க. எனக்கு எதுக்கு?”

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை, கேலியை, உன் மனைவியிடம் சொன்ன பொய்யை. பாவின் அடுத்த முனையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவன் அறுந்த இழை ஒன்றைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, அடுத்ததற்கு நகர்ந்தான்.

நாளை விடிந்ததுமே லேபைத் திறந்துவிடுவேன். உன்னை நம்பாத நான், உன் பிள்ளை என்னை நம்பி வருவான் என்று உட்கார்ந்திருக்க வேண்டும்.