மருமகன் பூட்டிய பெட்டரி

அன்பு மகன் ஷிப்லிக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், வாப்பாவின் மூச்சு மட்டும் கரண்டைப் பார்த்து வருகிறது போகிறது, அந்த நாட்டு வெயிலில் நீயும் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன். வொய்ஸ் போட்டால் வீடே கேட்கும், அதனால்தான் எழுதி, டோஹாவுக்குத் திரும்பும் நஸீரிடம் கொடுத்துவிடுகிறேன்.

கரண்ட் போனாலும் வாப்பாவின் தொய்வுக்கு மூச்சுக் கொடுக்கும் மெசின் நிற்கக்கூடாது என்று நீ அனுப்பிய புதுப் பெட்டரி வந்தது, வீட்டில் இருந்த பழைய சோலார் பெட்டரியோடு அது கலக்காமல், ஒன்று முடிந்த பிறகு மற்றதை எடுக்கும் சுவிட்ச் பெட்டியும் வந்தது. உன் தங்கச்சி மாப்பிள்ளை முஸ்தாக், சீதன வீடு அவருடையதுதானே, வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட விடாமல் தானே வயர் கொடுத்துப் பூட்டினார். சுவிட்ச் பெட்டியை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு, பழைய பெட்டரியையும் புதியதையும் சேர்த்துக் கட்டி, "ரெண்டும் ஒத்துமையாக் கிடக்கட்டும் மாமா, பிரிச்சு வெச்சா பலம் குறைஞ்சிரும்" என்றாராம். நல்ல ஒற்றுமைதான் போ! பகலெல்லாம் சோலார் ஏற்றுவதைப் புதியது வாங்கி வைக்க, வயதுபோன பழையது கிடந்து உறிஞ்சுகிறது, கரண்ட் போகும் நேரம் பார்த்தால் இரண்டும் வெறுங்கை. சொன்னால் என்ன என்று கேட்பாய். மருமகனுக்கு முன்னால் வந்து நான் எப்போது கதைத்தேன்? உன் தங்கச்சி ஜெனூபாவிடம் சொன்னால், "அவருக்குக் கோவம் வரும் உம்மா" என்கிறாள், வாப்பாவிடம் சொன்னால், "புள்ளட மனம் நொந்திரும், நீ சும்மா இரி" என்கிறார்.

போன வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆ முடிந்து வந்து மெசினை மூக்கில் வைத்தார், கரண்ட் போனது, மெசினும் நின்றது. உதடு நீலமாகிவிட்டது மகன். மருமகன் வாசலில் நின்று, "மாமா, மெசின் ஓடுதா?" என்று கேட்க, மூச்சே இல்லாத மனிசன் இருந்த கொஞ்சத்தையும் செலவழித்து, "ஓம் மகன், நல்லா ஓடுது" என்றார். மருமகன் சந்தோஷமாகப் போய்விட்டார், நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கொஞ்சத்தில் கரண்ட் வந்ததுதான் அல்லாஹ்வின் காவல்.

அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்யட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, வாசித்ததும் இதைக் கிழித்துவிடு. கிழித்த கையோடு மச்சானுக்குக் கோல் எடு. பிழை என்று ஒரு சொல் வரக்கூடாது. இரண்டையும் பிரித்து, சுவிட்ச் பெட்டியையும் பூட்டி, போட்டோ அனுப்பினால்தான் கம்பனிக்காரன் வொறண்டி தருவானாம் என்று சொல். பொய்தான். அந்தப் பாவத்தை என் கணக்கில் போடச் சொல்லி, நன்மை தீமை எழுதும் மலக்குகளிடம் நான் கதைத்துக்கொள்கிறேன், மருமகனிடம்தானே கதைக்க முடியாது.

உன் உம்மா
சல்மா